இராமலிங்க அடிகளின் சென்னை வாழ்க்கை

வள்ளலார் என அழைக்கப்படும் இராமலிங்க அடிகள் (அக்டோபர் 5, 1823 – சனவரி 30, 1874) சமரச சுத்த சன்மார்க்கத்தை நிறுவியவர். கவிஞர், உரைநடையாளர், பதிப்பாசிரியர். இவர் பெயருடன் வடலூரே பெரிதும் இணைத்துப் பேசப்படுகிறது. ஆயினும் குழந்தைப் பருவம் முதல் 1858 வரை, அதாவது வாழ்நாளின் பெரும்பகுதியை, இவர் சென்னையின் வடபகுதியிலேயே கழித்தார்.

இளமை

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். பிறந்த சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். தாயார் பிள்ளைகளுடன் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்துக்கும், பின்னர் சென்னை ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவுக்கும் குடிபெயர்ந்தார். மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராண விரிவுரை செய்து குடும்பத்தைக் காத்தார்.

தமையனாரின் ஆசிரியர் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கல்வி கற்க அனுப்பப்பட்டபோதும் இவர் பள்ளிப் பாடத்தில் நாட்டம் கொள்ளாமல் கந்தகோட்டம் முருகன் கோயிலிலேயே பொழுதைக் கழித்தார். வீட்டு மாடியறையில் கண்ணாடி ஒன்றை வைத்து, அதன்முன் விளக்கேற்றித் தியானித்தார் என்றும், அக்கண்ணாடியில் தணிகை முருகன் காட்சியளித்தான் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தமையனார் நோயுற்ற ஒரு நாள், முத்தியாலுப்பேட்டையில் சோமு செட்டியார் இல்லத்தில் அவருக்கு மாற்றாகத் திருஞானசம்பந்தர் வரலாற்றைச் சொற்பொழிவாற்றியதாகவும் கூறுவர்.

திருவொற்றியூர்

எர்ணாவூருக்குத் தெற்கே அமைந்த திருவொற்றியூர், தேவாரப் பாடல் பெற்ற தலம். பட்டினத்தார் சமாதி இவ்வூர்க் கடற்கரையில் உள்ளது. அடிகள் தம் பன்னிரண்டாம் அகவை முதல் சென்னையை விட்டு நீங்கும் வரை இத்தலத்தை வழிபட்டு வந்தார். ஏழுகிணற்றிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவு. ஒருநாள் இரவு வெகுநேரம் கழித்துப் பசியுடன் வீடு திரும்பித் திண்ணையில் படுத்திருந்தவருக்கு, வடிவுடையம்மனே அண்ணியாரின் உருவில் வந்து உணவளித்தார் என்ற கதை இப்பகுதியில் நன்கு அறியப்பட்டது. வடிவுடை மாணிக்கமாலை, எழுத்தறியும் பெருமான் மாலை, இங்கிதமாலை ஆகியன இத்தலத்தைப் பற்றியவை.

எழுத்தும் பதிப்பும்

மேற்கண்ட நிகழ்ச்சிகளுள் பல அடியார் மரபில் வழங்குபவை. அச்சு நூல்கள் தரும் சான்று இவற்றினும் உறுதியானது. 1849-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் இவருக்கு மாணவரானார். 1851-இல் கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலை அடிகள் பதிப்பித்தார். 'நான்' என்னும் முனைப்பு ஒழிந்து உயிர் சிவத்தில் ஒடுங்கும் நிலையைக் கூறும் கடினமான ஞானநூல் இது. பக்திப் பாடல்கள் பாடிவந்த இளைஞர் முதலில் அச்சேற்றத் தேர்ந்தது இதனையே என்பது கருதத்தக்கது. மனுமுறை கண்ட வாசகம் (1854) இவரது உரைநடை நூல். சின்மய தீபிகை 1857-இல் வெளிவந்தது.

பிற்காலத் தொடர்ச்சி

1858-இல் சென்னையை விட்டு நீங்கிய அடிகள் கருங்குழியில் தங்கினார். வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையையும், 1872-இல் சத்திய ஞானசபையையும் தொடங்கினார். ஞானசபையில் ஏழு திரைகளுக்கு அப்பால் கண்ணாடியும் அதன் பின் விளக்கும் அமைந்துள்ளன. ஏழுகிணற்று மாடியறையின் கண்ணாடி வழிபாட்டை இவ்வமைப்பு நினைவூட்டுகிறது. பிற்காலத்தில் இவர் வலியுறுத்திய மரணமிலாப் பெருவாழ்வு சித்தர்களின் காயசித்திக் கொள்கையோடும், சீனத் தாவோ நெறியினரின் நெடுவாழ்வுப் பயிற்சிகளோடும் ஒப்பிடத்தக்கது. எனினும் மூச்சுப் பயிற்சியையோ மருந்தையோ விட உயிரிரக்கத்தையே இவர் முதற்படியாகக் கொண்டார்.

1873-ஆம் ஆண்டு அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் நிகழ்த்திய பேருபதேசத்தில், முன்னர்ச் சைவத்தின்மேல் தாம் கொண்டிருந்த பற்று அளவிடற்கரியது என்றும், அப்போது தமக்கு இருந்தது அற்ப அறிவே என்றும், அப்பற்றுக்குத் தம் பழைய பாடல்களே சான்று என்றும் கூறினார். இதனால் திருவொற்றியூர்ப் பாடல்களை எவ்வாறு கொள்வது என்பதில் அன்பர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் கைவிட்ட நிலையின் பதிவு என்பர் சிலர். பின்னர் அடைந்த நிலைக்கான படி என்பர் வேறு சிலர். ஊரன் அடிகள் 1972-இல் திருவருட்பாவைக் கால முறைப்படி பதிப்பித்த பின்னர், சென்னைக் காலப் பாடல்களைப் பிற்காலப் பாடல்களோடு ஒப்பிட்டுப் படிப்பது எளிதாயிற்று.