மாவட்ட ஆட்சியரகமும் பேரிடரும்

தமிழ்நாட்டில் புயல், வெள்ளம், வறட்சி, ஆழிப்பேரலை எது வந்தாலும் முன்னேற்பாடு, மீட்பு, நிவாரணம் மூன்றையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரகத்தைச் சேர்ந்தது. வரி தண்டுவதற்காக ஏற்பட்ட அலுவலகம் இது. ‘கலெக்டர்’ என்ற பெயரில் அந்தப் பழைய வேலை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்களும் கருவிகளும் தீயணைப்புத் துறையிடமும் காவல் துறையிடமும் மின்வாரியத்திடமும் இருக்க, பேரிடர் வேலை வருவாய்த் துறையிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: எந்த ஊரில் எத்தனை வீடு, எந்த வயல் யாருடையது என்ற கணக்கு அதன் கையில் இருந்தது. அலுவலகத்தின் பலம் அந்தக் கணக்கு. குறை தொடங்குவதும் அங்கேதான்.

மக்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நினைவில் வைத்திருக்கும் 1876–78 பெரும்பஞ்சத்தில் இந்தப் பொறுப்பு முதன்முதலாகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதும், உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு மண்வேலை கொடுத்துக் கூலி தருவதும் கலெக்டர்களின் தலையில் விழுந்தன. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877-இல் அந்தக் கூலியைக் குறைத்தார்: ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்து எழுதிய பிறகே கூலி ஏறியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய், பட்டினி கிடந்தவர்கள் வெட்டியது. அதற்கு வாய்த்ததோ அன்றைய ஆளுநர் பக்கிங்காமின் பெயர்.

பஞ்ச விசாரணைக் குழுவின் 1880 அறிக்கையைத் தொடர்ந்து பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. பஞ்சம் வருமுன்னே கலெக்டர் எதையெதைக் கவனிக்க வேண்டும் என்று அவை பட்டியலிட்டன: தானிய விலை ஏறுகிறதா, கடன் கொடுப்பவர் கையை மூடிக்கொண்டாரா, மக்கள் திக்கில்லாமல் ஊர் ஊராக அலைகிறார்களா. முன்னெச்சரிக்கை என்ற எண்ணம் அரசு ஏட்டில் ஏறியது அப்போதுதான். ஆனால் அது வறட்சிக்கு மட்டுமே பழகியது. புயலுக்கு அது பொருந்த இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

ஊரளவில் இந்த வேலையைத் தாங்கியவர்கள் பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் தலையாரியும். எம்.ஜி.ஆர். அரசு 1980-இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அவர்கள் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர், மக்கள் வாயில் ‘விஏஓ’, வந்தார். இன்றும் பேரிடரில் அரசின் முதல் ஆள் அவரே.

கடற்கரையில் எச்சரிக்கை என்றால் துறைமுகக் கம்பத்தில் ஏறும் புயல் கூண்டுதான். 1 முதல் 11 வரை எண்கள். பத்தாம் எண் பெரும் அபாயம். பதினொன்றாம் எண்ணின் பொருள் வேடிக்கையானது, திகிலானதும்கூட: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான கூண்டு அது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் மூடி, பயணிகள் ரயில் ஒன்றையும் இழுத்துக்கொண்டு போனது. அங்கும், 1952, 1977 புயல்களில் நாகப்பட்டினத்திலும், ஆட்சியரகத்தின் வேலை பெரும்பாலும் புயல் ஓய்ந்த பின்னரே தொடங்கியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்தப் பழக்கத்தைப் புரட்டிப்போட்டது. தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். பக்கத்துத் தஞ்சாவூரில் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் அங்கே மாற்றப்பட்டார். சில நாளில் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது: உதவி தேவைக்குமேல் ஓரிடத்திலும், தேவைக்குக் கீழே இன்னோரிடத்திலும் இறங்கியது. சாலையோரம் லாரி லாரியாகக் கொட்டிய பழந்துணிகளைத் தொட ஆளில்லை. மீனவப் பெண்கள் கேட்டது சோறு ஆக்கப் பாத்திரமும் மண்ணெண்ணெயும். எந்தக் குப்பத்துக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்று பதிய, 2005 ஜனவரியில் ஆட்சியரகத்திலேயே தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் இயங்கத் தொடங்கியது. வெளியாளை உள்ளே உட்காரவைத்தது இந்த அலுவலகத்தின் இயல்புக்குப் புதிது.

அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. ஆண்டுதோறும் திருத்தவேண்டிய மாவட்டத் திட்டமும் கட்டாயமாயிற்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆட்சியரகக் கூட்ட அரங்கில் அந்தத் திட்டத்துக்கு உயிர் வரும். துணை ஆட்சியர் நிலை அலுவலர்களின் தலைமையில் மண்டலக் குழுக்கள். மரம் அறுக்கும் இயந்திரம், ஜேசிபி, மணல் மூட்டை, ஜெனரேட்டர் எங்கே உள்ளன என்ற பட்டியல். பிரசவ நாள் நெருங்கிய பெண்களின் பட்டியல். பள்ளிக்கூடத்துச் சாவியும் கல்யாண மண்டபத்துச் சாவியும் யாரிடம் என்ற விவரம். இந்தக் கடைசி விவரம் அற்பமாகத் தோன்றலாம். நடுராத்திரி கொட்டும் மழையில் நூறு பேரைக் கூட்டிக்கொண்டு பூட்டிய கதவின் முன் நிற்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. சென்னை எழிலகத்தில் உள்ள மாநில மையத்துக்கு 1070. புயல் நெருங்கினால் விஏஓ ஒலிபெருக்கியோடு தெருவில் இறங்குவார். “பாட்டி, ரேஷன் கார்டையும் மாத்திரையையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க” என்றால், “ஆட்டை யாரு பாப்பா?” என்று பதில் வரும். முகாமில் ஆட்டுக்கும் இடம் வைத்த ஊரில் ஆட்கள் சீக்கிரம் கிளம்புகிறார்கள்.

ஒருங்கிணைப்பின் ஓட்டைகளையும் பேரிடர்களே காட்டின. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தில், மதகு அன்று பொதுப்பணித் துறையிடம், வெள்ளம் புகுந்த தெருக்களில் பெரும்பகுதி சென்னையில். 2017 ஒக்கிப் புயலிலோ, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் கன்னியாகுமரி மீனவர்களை எட்டும் வழியே கரையில் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது சுமார் 80,000 பேர் ஏற்கெனவே முகாம்களில் இருந்தார்கள். முன்னேற்பாடு பாராட்டுப் பெற்றது. அடுத்த சில நாள்களிலேயே சாலை மறியல்கள் தொடங்கின. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை அறுத்து அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. ஒவ்வொரு தோப்பிலும் விழுந்ததை எண்ணிக் கணக்கெடுக்க வேண்டும். பலன் தரப் பல ஆண்டுகள் எடுக்கும் மரத்துக்கு இது விலையா என்று தோப்புக்காரர்கள் கேட்டார்கள்.

நெல்லின் கணக்கு வேறு. பயிர்ச் சேதம் 33 விழுக்காட்டைத் தொட்டால்தான் இடுபொருள் நிவாரணம். 2015-க்கு முன் அது 50 விழுக்காடு. வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வயலைப் பார்க்கும். யாருடைய பயிர் என்பதற்குச் சான்று, விஏஓ எழுதும் பயிர்ப் பதிவேடான அடங்கல். பஞ்ச காலத்துக் கணக்குப் புத்தகத்தின் குணம் இங்கே மறுபடியும் தலைகாட்டுகிறது. குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே சட்டம் வந்தும், காவிரி டெல்டாவில் வாய்மொழிக் குத்தகை நீடிக்கிறது. உழுது நட்டவர் பெயர் ஏட்டில் இல்லையென்றால், பணம் வெளியூரில் இருக்கும் பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். மழை விட்டதும், அழுகிய கதிரை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அடங்கல் நகலுக்காக விஏஓ அலுவலக வாசலில் இந்தக் குத்தகைதாரர்கள்தான் முதலில் வந்து நிற்கிறார்கள்.