வலிப்பு வரவே இல்லையே... மாத்திரையை நிறுத்திடலாமா?

"ஆறு மாசமா வலிப்பே வரல, இனி எதுக்கு மாத்திரை?" வலிப்பு நோய்க்கு சிகிச்சை எடுக்கும் பலரது வீடுகளில் எழும் கேள்வி இது. ஆனால், வலிப்பு வராமல் இருக்கக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம்.

மாத்திரை என்ன செய்கிறது?
மூளை நரம்பு செல்களில் மின்சமிக்ஞைகள் கட்டுப்பாடின்றி பாயும்போது வலிப்பு வருகிறது. பெனிடாயின், கார்பமசெபின், வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டம் போன்ற மருந்துகள் அதை அடக்கி வைக்கின்றன. நோயை வேரோடு நீக்குவதில்லை. அதனால்தான் தினமும் குறித்த நேரத்தில் சாப்பிடச் சொல்கிறார்கள்.

திடீர்னு நிறுத்தினா?
வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பயனில்லை.

ஒரு வேளை மறந்துட்டா?
ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால், இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

கர்ப்பிணிகள் என்ன செய்யணும்?
வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதற்காகத் தானாகவே நிறுத்துவதும் ஆபத்து. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசினால், மருந்தை மாற்ற அவகாசம் கிடைக்கும்.

அப்போ எப்பதான் நிறுத்தலாம்?
பொதுவாக 2 ஆண்டுகளாவது வலிப்பு வராமல் இருந்தால், மருத்துவர் பரிசோதித்து முடிவெடுப்பார். அப்போதும் அளவைப் படிப்படியாகத்தான் குறைப்பார். சிலருக்கு மாத்திரை தொடர்ந்து தேவைப்படலாம்.

சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.