கூரையில் ஒரு குளம்

'உம்ம்ம்...'

சித்தன்னவாசல் குகைக் கோயிலின் கருவறைக்குள் நின்று ஒரு பள்ளிக்கூடப் பையன் அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்ப, நாலு சுவரும் சேர்ந்து முழங்கின. கூட வந்தவர்களும் ஆளுக்கொரு தடவை 'உம்' கொட்டினார்கள். ஐந்தே நிமிடம்! செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். தலைக்கு மேலே ஒரு குளம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது சித்தன்னவாசல். பாறையைக் குடைந்து உருவாக்கிய இந்தச் சமணக் கோயிலுக்கு அறிவர் கோயில் என்று பெயர். கருவறைக்கு முன்னால் இருக்கும் மண்டபத்து விதானத்தில்தான் அந்தத் தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை... நடுவே பூப்பறிக்கும் மூன்று பேர்.

அழகான இயற்கைக் காட்சி என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் தெய்வீக மண்டபத்துக்குச் சமவசரணம் என்று பெயர். அதை நோக்கிப் போகும் வழியில் ஒரு குளம். அதில் இறங்கி பக்தர்கள் பூப்பறிக்கிறார்கள் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். இதைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், சமணக் கோயில் கூரையில் எருமைக்கு என்ன வேலை என்று எப்படிப் புரியும்?

"எல்லாம்தான் அழிஞ்சுபோச்சேன்னு சொல்லிட்டுப் போறாங்க சார். காட்டிக் கொடுத்தா நின்னு பாக்குறாங்க" என்றார் அங்கிருந்த காவலர். "அதோ, தும்பிக்கை தெரியுதா? இந்தப் பக்கம் பூ வெச்சிருக்கற ஆளு..." அவர் விரல் போன வழியே கண்ணும் போக, திட்டுத்திட்டாகத் தெரிந்த வண்ணங்கள் மெள்ள மெள்ளக் குளமாகின!

காவல் இல்லாமல் கிடந்த காலத்தில் ஓவியத்தின் பெரும்பகுதி சிதைந்துபோனது உண்மைதான். ஆனால், மிஞ்சியதைப் படிக்கச் சொல்லித் தருவதும் பாதுகாப்பில் சேர்த்திதானே?

இதை நமக்கு முன்பே உணர்ந்த ஒருவர் இருந்தார். இந்த ஓவியங்களை மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்று பலர் எழுதிவந்தார்கள். முகப்பை ஒட்டிய பாறையில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு வேறு கதை சொன்னது. 9-ம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் பழுதான உள்மண்டபத்தைப் புதுப்பித்தார். வெளியே முகமண்டபமும் எடுத்தார். ராஜா இல்லை... ஓர் ஆசிரியர்!

அவர் எடுத்த முகமண்டபம் பிற்பாடு இடிந்துபோனது. 20-ம் நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானம், குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. நாம் இன்று பார்க்கும் முகப்பு அதுதான். மண்டபம் போனாலும், 'இதை நான் செப்பனிட்டேன்' என்று இளங்கௌதமன் எழுதிவைத்தது நின்றுவிட்டது. அந்த எழுத்து மட்டும் இல்லாவிட்டால், நாம் இன்னமும் தப்பான கதையையே சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு வாத்தியார் வைத்த தகவல் பலகை அது. அதையும் பார்க்காமல்தான் பஸ் பஸ்ஸாகக் கடந்து போகிறோம்.

நான் கிளம்பும்போது இன்னொரு குடும்பம் வந்தது. உள்ளே ஓடிய சின்னப் பையன் 'உம்' கொட்டி முடிக்கும்வரை காவலர் பொறுமையாக இருந்தார். பிறகு தோளைத் தொட்டு, "தம்பி, இப்ப மேலே பாரு" என்றார்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தாத்தா... மீனு!"