பேய்க்கதையும் வினாக்குறியும்

அமானுஷ்ய அச்சத்தை எழுப்பி, ஈற்றில் அதற்கு இயற்கையான காரணத்தைக் காட்டும் முறையை ஆங்கில நாவலில் நிலைபெறச் செய்தவர் ஆன் றட்கிளிவ் ஆவார். 1794இல் வெளிவந்த அவரது 'உடோல்போ மர்மங்கள்' இதற்குச் சான்றாகும். அந்நாவலில் மீளமீளக் கேட்கும் இரவிசை முதலில் அச்சத்தின் குறியாக அமைந்து, பின்னர் உண்மைக்கான தடயமாகின்றது.

சிறுவர் இலக்கியம் இம்மரபைச் சுவீகரித்தபோது குறிப்பிடத்தக்க மாற்றமொன்று நிகழ்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் றொபேட் ஆதர் 1964இல் வெளியிட்ட 'பயங்கரக் கோட்டையின் இரகசியம்' என்னும் நூலில், துப்பறியும் சிறுவர் மூவர் வினாக்குறியைத் தமது சின்னமாகக் கொள்கின்றனர். ஜூபிட்டர் வெள்ளையிலும், பீற் நீலத்திலும், பொப் பச்சையிலும் சோக்கினால் இடும் வினாக்குறிகள், ஒருவர் சென்ற வழியை மற்றவர்க்கு அறிவிக்கின்றன. இங்கு குறியானது பேயிடமிருந்து தேடுவோரிடம் கைமாறிவிடுகின்றது.

அவர்கள் கோட்டையில் ஈற்றில் காண்பதும் பேயையன்று. மௌனப்படங்களிற் புகழீட்டி, பேசும்படம் வந்ததும் தன் குரல் நகைப்புக்கிடமானமையால், இறந்தவன்போல மறைந்து வாழ்ந்த நடிகனொருவனையே காண்கின்றனர். அஞ்சி ஓடியோர்க்கு அவன் பேயாகவே இருந்தான், வினவியோர்க்கே மனிதனானான். அச்சத்தைப் போக்குவதோடு அமையாது, அதன் பின்னுள்ள துயரையும் சிறுவர்க்கு உணர்த்துவது இந்நூலின் தனிச்சிறப்பு எனலாம்.