வடிவமைப்பு இழப்பு (கணினி உரை)

ஓர் அலுவலக மென்பொருளில் தட்டச்சிட்ட உரையைப் படியெடுத்து வேறொன்றில் ஒட்டும்போது எழுத்துரு, தடிப்பு, சாய்வு முதலிய தோற்றக் கூறுகள் நீங்கிவிடுவது வடிவமைப்பு இழப்பு எனப்படும். படியெடுத்த உரை கிளிப்போர்டு என்னும் தற்காலிக நினைவிடத்தில் வெற்றுரை, ஆர்.டி.எஃப்., எச்.டி.எம்.எல். எனப் பல வடிவங்களில் ஒருங்கே தங்க, பெறும் மென்பொருள் அவற்றுள் தான் கையாளக்கூடியதை எடுத்துக்கொள்கிறது. வெற்றுரையை மட்டும் ஏற்கும் மென்பொருளில் எழுத்துகளின் வரிசையே மிஞ்சும்.

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் ஆவணங்களில் அந்த வரிசையும் மிஞ்சுவதில்லை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தமையால், எழுத்துரு நீங்கியதும் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக மாறிவிடும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதும் எளிதன்று. ‘கொடும்பாளூர்’ என்பதன் முதலெழுத்து பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகிறது. யூனிகோடிலோ ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னும் வரவேண்டும். ஈற்றிலுள்ள ‘ர்’ காலின்மீது புள்ளியிட்டே அமைக்கப்படுவதால், எது கால், எது ரகரம் என்பதையும் மாற்றும் மென்பொருள் பிரித்தறிய வேண்டியுள்ளது.

கல்வெட்டுப் பாடங்களிலும் வடிவமைப்பு இழப்பு நேர்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரில் இருக்குவேளிர் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி எடுத்த மூவர்கோயிலில், அவன் முன்னோரின் வரிசையைக் கூறும் வடமொழிக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் உள்ளது. கிரந்தத்திற்கு யூனிகோடில் தனியிடம் 2014இல்தான், அதன் 7.0 பதிப்பில், கிடைத்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் இடையிடையே வரும் கிரந்த எழுத்துகளைத் தமிழ் எழுத்திலேயே தந்து, தடித்த அச்சால் வேறுபடுத்திக் காட்டும் வழக்கம் பதிப்புகள் சிலவற்றில் உண்டு. ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற மங்கலத் தொடர் இவ்வாறு அச்சிடப்படும்போது தடிப்பு அழகுக்காக அன்று, கல்லில் எந்த எழுத்து வெட்டப்பட்டுள்ளது என்பதைத் தெரிவிப்பதற்காகவே வருகிறது. அத்தகைய பாடத்தை வெற்றுரையாக ஒட்டினால் எழுத்து வேறுபாடு மறைகிறது. சொற்கள் பிழையின்றி நிற்பதால் இழப்பு நேர்ந்ததே தெரிவதில்லை. பாமினிச் சிதைவு உடனே கண்ணில் பட்டுவிடுவதால், இதுவே அதனினும் தீங்கானது. மாறாக, கல்வெட்டுப் பதிப்புகளில் ஐயத்திற்குரிய எழுத்துகளைச் சூழும் பகர அடைப்பு தானும் ஓர் எழுத்துக்குறியாகையால் எந்த மென்பொருளிலும் தங்கிவிடுகிறது. கிரந்தப் பகுதிகளுக்கும் அவ்வாறான தனிக் குறியொன்றைத் தடிப்போடு சேர்த்து இடுவதே பதிப்பாசிரியர்க்குத் தக்க வழியாகும்.