முதல் வெட்டு சிறியதாகட்டும்: வளரிளம் பருவத்தினரின் பைலோனிடல் சைனஸ் நோயும் யாழ்ப்பாணச் சூழலும்

பைலோனிடல் சைனஸ் நோயுடன் வரும் பதின்வயதினருக்கு, நோயுற்ற பகுதியை அகலமாக அகழ்ந்தெடுத்துப் புண்ணைத் திறந்தே விடும் சத்திரசிகிச்சை முதற்தெரிவாக இருக்கக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நோயின் தோற்றமும் அண்மைய ஆய்வுகளும் இதற்கு ஆதாரம் தருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்நிலை அதை மேலும் வலுப்படுத்துகிறது.

பிட்டப் பிளவின் நடுக்கோட்டில் சிறு துளைகளாகத் தொடங்கும் இந்நோய் நெடுங்காலம் பிறவிக் குறையாகவே கருதப்பட்டது. வேரோடு களைய வேண்டும் என்ற எண்ணமும் பெரும் அகழ்வுகளும் அதிலிருந்தே வந்தன. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 80,000 அமெரிக்கப் படையினர் இந்நோய்க்காக வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். 1946இல் மருத்துவர்களான பேட்டியும் ஸ்கார்ஃபும், வெளியிலிருந்து தோலைத் துளைத்துப் புகும் மயிரே காரணம் என வாதிட்டனர். உதிர்ந்த மயிர், அதை உள்ளே தள்ளும் விசை, பிளவின் நலிந்த தோல் ஆகிய மூன்றும் கூடும்போதே நோய் உண்டாகிறது என்று கிரேக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் காரிடாக்கிஸ் பின்னர் விளக்கினார். பூப்புக்கு முன் இந்நோய் அரிதாயிருப்பதும் இதனோடு பொருந்துகிறது. காரணம் மயிரும் பிளவுமானால், நலமான இழையத்தை அகழ்வதற்கு நியாயம் ஏது?

துளைகளை மட்டும் சிறு வட்டக் கத்தியால் அகற்றி, உள்ளிருக்கும் மயிரையும் அழுகலையும் துப்புரவாக்கும் முறையைக் கிப்ஸ் குழுவினர் 1,358 நோயாளரில் கையாண்டு 2008இல் அறிக்கையிட்டனர். மீள்வரவு ஓராண்டில் 6.5 வீதம், பத்தாண்டில் 16.2 வீதம். 11 முதல் 21 வயது வரையான 302 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2024இல் வெளியான எழுமாற்று ஆய்வில், வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 33.6 வீதத்தினருக்கு ஓராண்டுக்குள் நோய் மீண்டது. லேசர் மயிரகற்றலும் சேர்ந்தபோது அது 10.4 வீதமாகக் குறைந்தது.

அகல அகழ்வு விட்டுச்செல்லும் திறந்த புண்ணோ அடியிலிருந்து ஆறி வர வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். சத்திரசிகிச்சைக்கு அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை. ஆனால் அடிக்கடி மருந்து கட்ட வேண்டியதன் சுமை வீட்டின்மேல் விழுகிறது. நெடுந்தீவு மாணவரொருவர் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வரக் குறிகட்டுவான்வரை படகிலும், பின் யாழ் நகர்வரை பேருந்திலும் வரவேண்டும். கூட வரும் பெற்றோரின் அன்றைய உழைப்பும் போய்விடும். வாங்கில் இருக்க முடியாத பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சை ஆண்டில் இழப்பு இன்னும் பெரிது. மறைவிடத்துப் புண்ணைத் தாயிடமும் காட்டக் கூசும் வயது இது. வெட்கத்தால் மருந்து கட்டுவது தவறுவதும் உண்டு.

சிறு சிகிச்சையில் காலப்போக்கில் மீள்வரவு கூடுகிறதே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் நோய் மீண்டால் அதே சிறு சிகிச்சையைத் திரும்பவும் செய்யலாம். பெரிய சிகிச்சைக்கும் வழி அடைபடாது. நடுக்கோட்டில் ஆறாது நிற்கும் பெரும்புண்ணைச் சீராக்குவது அதைவிடக் கடினம். கிளைத்துப் பரவிய, பலமுறை மீண்ட நோய்க்குக் காரிடாக்கிஸ், லிம்பேர்க், பஸ்கம் ஆகியோரின் தோல்மடல் சத்திரசிகிச்சை முறைகளே பொருந்தும். அவற்றிலும் தையல் நடுக்கோட்டுக்கு அப்பால் அமைய வேண்டும். சீழ்க்கட்டியெனில் முதலில் சீழை வெளியேற்றி, அழற்சி தணிந்தபின் மீதியைத் தீர்மானிக்கலாம்.

ஆகவே, மயிரகற்றலையும் தொடர் கண்காணிப்பையும் சிகிச்சையின் பகுதியாகவே திட்டமிட வேண்டும். லேசர் கிட்டாதவிடத்து மயிரகற்றும் களிம்பைப் பயன்படுத்தலாம். நமது வைத்தியசாலைப் பதிவுகளில் மீள்வரவோடு, பிள்ளை பாடசாலைக்குத் திரும்பிய நாளும் இடம்பெற வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து அளந்தாலன்றி, எந்தச் சத்திரசிகிச்சை இம்மண்ணுக்கு ஏற்றது என்ற வினாவுக்கு முழுமையான விடை கிடைக்காது.