ஒரு மனிதனுக்கு என்ன விலை?

திருச்சபைத் தந்தையர் என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது திரித்துவம், பொதுச்சங்கங்கள், யார் பேதகர் யார் இல்லை என்ற சண்டைகள். நீசா நகர கிரகோரியையும் அந்தப் பட்டியலில் போட்டுவிடலாம். பசிலியாரின் தம்பி, இன்றைய துருக்கியில் இருக்கிற கப்பதோக்கியாவில் ஒரு சின்ன நகரத்தின் ஆயர், 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கத்தில் முக்கியமான ஆள். ஆனால் நாங்கள் இங்கே கதைக்கப் போவது அவருடைய ஒரேயொரு பிரசங்கத்தைப் பற்றி.

விவிலியத்தின் சபை உரையாளர் நூலுக்கு அவர் செய்த எட்டுப் பிரசங்கங்களில் நாலாவது அது. அந்த நூலின் இரண்டாம் அதிகாரத்தில் பேசுகிறவன் தான் சேர்த்ததையெல்லாம் கணக்குச் சொல்கிறான். வீடுகள், திராட்சைத் தோட்டங்கள், குளங்கள், அதோட அடிமைகள். அன்றைய ரோமப் பேரரசில் இதைக் கேட்டு ஒருத்தரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். அடிமை வைத்திருப்பது மாடு வைத்திருப்பது மாதிரித்தான். கிரகோரியின் குடும்பமே நிலபுலன் உள்ள குடும்பம். ஆனால் மனுசன் அந்த வசனத்தைத் தாண்டிப் போகாமல் அதிலேயே நின்று சண்டை பிடிக்கிறார்.

எவ்வளவு குடுத்து வாங்கினாய் எண்டு கேட்கிறார். கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு என்று கணக்குப் போட்டாய்? தொடக்கநூலின்படி மனிதனுக்கு ஆளக் கொடுக்கப்பட்டவை மிருகங்கள்தான், இன்னொரு மனிதன் இல்லை. அதற்குப் பிறகு வாற வாதம்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஆளை விற்கும்போது அவனுடைய சொத்தும் சேர்ந்துதானே விலைக்கு வரவேண்டும்? மனிதனுக்குக் கடவுள் கொடுத்த சொத்து முழுப் பூமி. அப்படியென்றால் நிலம், கடல், தீவுகள் எல்லாம் அந்த ஏலத்தில் வருது. வாங்கப் போறவன் அதுக்கு எவ்வளவு வைப்பான்? சந்தையின் கணக்கை வைத்தே சந்தையை மடக்குகிறார், பாருங்கோ. விற்பனை உறுதி எழுதின காகிதத்தையும் விடவில்லை. எசமானும் அடிமையும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள், ஒரே மண்ணாகத்தான் போகிறார்கள், அந்த எழுத்தால் இதில் எது மாறினது என்று கேட்கிறார்.

இது ஏன் பெரிய விசயம் என்றால், மற்றப் பெரியவர்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. இயற்கையிலேயே ஒருவரும் அடிமை இல்லை என்று பசிலியாரும் சொன்னார். ஆனால் அறிவு குறைந்தவன் அறிவுள்ளவனுக்குக் கீழே இருப்பது அவனுக்கே நல்லது என்றும் இடம் வைத்தார். அகுஸ்தீனாருக்கு அடிமைத்தனம் பாவத்தின் தண்டனை. கவலைக்குரியது, ஆனால் பொறுத்துக்கொள்ள வேண்டியது. ஒரு மனிதன் இன்னொருவனைச் சொந்தமாக்குவதே கடவுளின் உரிமையில் கைவைப்பது என்று நேராகச் சொன்னவர் கிரகோரி.

அவருக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றியது? எங்கள் வாசிப்பில் பதில் அவருடைய இறையியலுக்குள்ளேயே இருக்கிறது. கடவுளின் உள்ளியல்பை அறிவால் பிடித்துவிடலாம் என்று சொன்ன யூனோமியுசோடு அவர் நீண்ட காலம் மோதினார். கடவுள் எல்லையற்றவர், முழுதாக ஒருநாளும் எங்கள் பிடிக்குள் வரமாட்டார் என்பதுதான் அவருடைய நிலை. மனிதனின் படைப்பைப் பற்றி எழுதும்போது இதை அப்படியே மனிதனுக்கும் கொண்டுவருகிறார்: அளக்க முடியாதவரின் சாயல் என்றபடியால் எங்கள் மனமும் அளவுக்குள் வராது. அந்தச் சாயலும் தனியாட்களுக்குப் பங்குபோட்டது இல்லை, முழு மனித இனத்துக்கும் ஒன்றாகக் கொடுத்தது. அளக்க முடியாததுக்கு விலை போடேலாது. திரித்துவச் சண்டை என்று நாங்கள் தாண்டிப் போகிற பக்கங்களில் இருந்துதான் இந்த வாதம் வருகிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேணும். பிரசங்கம் எசமானின் ஆணவத்தைக் கிழிக்கிறது; வீட்டுக்குப் போய் எல்லாரையும் விட்டுவிடு என்று கட்டளை போடவில்லை. பேரரசின் சட்டமும் மாறவில்லை. பைசாந்தியத்தில் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் அடிமைச் சந்தை நடந்தது.

அவருடைய வீட்டில் காரியமாகச் செய்து காட்டியவர் அக்கா மக்ரினா. தன் சாதாரண வாழ்க்கையை விட்டுவிட்டு, பணிப்பெண்களோடு சமமாக இருக்கும்படி தாயைச் சம்மதிக்க வைத்தார். ஒரே மேசை, ஒரே சாப்பாடு, ஒரே மாதிரிப் படுக்கை. இதை எழுதி வைத்தவரும் கிரகோரிதான். தத்துவ உரையாடல் ஒன்றில் மக்ரினாவை ‘ஆசிரியை’ என்றே அழைக்கிறார். பிரசங்கத்தின் அந்தக் கோபம் எந்த மேசையில் தொடங்கியிருக்கும் என்று யோசிக்காமல் எங்களால் இருக்க முடியவில்லை.